கடனை நான் மறைத்தேன், சேமிப்பை மனைவி மறைத்தாள். உங்கள் வீட்டில் எப்படி?

சிம்மக்கல் அச்சகம் (இழையைத் தொடங்கியவர்)
சனி, இரவு 10.50

மதுரையில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். வயது 47. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நன்கொடை ரசீது இதெல்லாம் அடிப்போம். ஆடியிலும் மார்கழியிலும் மெஷின் சும்மா நிற்கும். தை பிறந்தால் பங்குனி வரை ராத்திரி பகலாக ஓடும். 2020க்கு அப்புறம் ஆயிரம் பத்திரிகை அடித்தவர்கள் முந்நூறோடு நிறுத்திக்கொண்டு மீதிப் பேருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார்கள்.

எனக்கு 4,20,000 ரூபாய் கடன் இருக்கிறது. மெஷினுக்காக 2 லட்சம், 2 ரூபாய் வட்டிக்கு. அக்காவின் மூத்த மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் செய்ய ஒன்றரை லட்சம், 3 ரூபாய் வட்டிக்கு. மீதி 70,000 பேப்பர் கடை பாக்கி. வட்டி மட்டும் மாதம் 8,500 போகிறது. மூன்று வருஷமாக இது என் மனைவிக்குத் தெரியாது. சீரைக் குறைத்துச் செய்யலாம் என்று அவள் அப்போதே சொன்னாள். கையில் இருக்கிறது, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அந்த 3 ரூபாய் வட்டிக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் போன் செய்து நான் கடையிலிருந்து ஓடி வந்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் என் மனைவி கொடுத்த காபி டம்ளர். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "எவ்வளவுங்க பாக்கி?" என்று அவரிடம் கேட்டாள். இரண்டு மாத வட்டி, 9,000 என்றார். உள்ளே போய்த் தையல் மெஷின் டிராயரைத் திறந்து, 9,000 எண்ணிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அன்று ராத்திரிதான் மற்றது தெரிந்தது. தபால் ஆபீஸில் மாதம் 2,500 ஆர்.டி. போடுகிறாள். 2023 அக்டோபரில் தொடங்கியிருக்கிறாள். அரசு தரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம், சேலைக்கு ஃபால்ஸ் அடித்து வருவது ஆயிரத்து ஐந்நூறு. அது போக அரைப் பவுன் காசு ஒன்று, மகளிர் குழுவில் 18,000. ஒன்றுமே எனக்குத் தெரியாது.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், சண்டை வரும், நான் தலை குனிந்து நிற்பேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. வட்டிக்கு அலைந்து கொண்டிருந்த ஒவ்வொரு மாதமும் இவள் கையில் பணம் இருந்திருக்கிறதே, சொல்லவில்லையே என்று. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நீங்க மறைச்சதும் நான் மறைச்சதும் ஒண்ணா?"

ஒரு வாரமாக அதற்கு என்னிடம் பதில் இல்லை. இங்கே குடும்பஸ்தர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் எப்படி? ஆண்கள் கடனையும் பெண்கள் சேமிப்பையும் மறைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதானா?


வில்லாபுரம் தம்பி
சனி, இரவு 11.15

அண்ணே, வாசலில் மானம் போகாமல் காப்பாற்றியிருக்கிறார் அண்ணி. முதலில் அதற்கு நன்றி சொன்னீர்களா?


சிம்மக்கல் அச்சகம்
சனி, இரவு 11.22

இல்லை தம்பி. சொல்லவில்லை.


ஆர்.டி. அக்கா
ஞாயிறு, காலை 6.40

தம்பி, நான் 26 வருஷமாகத் தபால் ஆபீஸ் ஆர்.டி. பிடிக்கும் முகவர். எஸ்.எஸ். காலனி, பொன்மேனி, அரசரடிப் பக்கம் வீடு வீடாகப் போவேன். அரசாங்கம் எங்களுக்கு 4 சதவீதம் கமிஷன் கொடுக்கிறது. பணம் போடுகிறவர்கள் எங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை. அதனால் நான் சொல்வதில் எனக்கு லாப நஷ்டம் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

காலை பத்தரைக்கு மேல் போனால்தான் பெண்கள் பணம் கொடுப்பார்கள். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் தனித்தனியாக என்னிடம் ஆர்.டி. போடுகிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல். மாமியார் மாடிப்படி திரும்பும் இடத்தில் கொடுப்பார். மருமகள் பால் வாங்கும் சாக்கில் தெருமுனைக்கு வருவாள். இரண்டு பேரிடமும் தலா பத்து வருஷமாக வாங்குகிறேன், வாய் திறந்ததில்லை.

ஆண்கள் போடுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். போடுவார்கள், எடுத்த எடுப்பில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று. ஏழெட்டு மாதம் ஒழுங்காக வரும். அப்புறம் "இந்த மாசம் ஒரு டைட்டு" என்பார்கள். தவணை தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், அது கட்டிக் கட்டிச் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். பெண்கள் 300, 500 என்றுதான் தொடங்குவார்கள். ஆனால் அந்த 500 தவறாது. தவறப்போகிறது என்றால் முதல் நாளே எனக்குப் போன் வரும்.

இதனால் பெண்கள் நல்லவர்கள், ஆண்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. வருமானம் வரும் விதம் வேறு. உங்களுக்குத் தையில் மொத்தமாக வரும், ஆடியில் வராது. அவளுக்கு ஒரு சேலைக்கு இத்தனை ரூபாய் என்று கொஞ்சம் கொஞ்சமாக வரும். கொஞ்சமாக வரும் பணத்தை ஒதுக்குவது பழகிவிடும். மொத்தமாக வரும் பணத்துக்கு, வருவதற்கு முன்னாலேயே ஆள் காத்திருப்பான்.

இன்னொன்று. கணக்குத் தொடங்கும்போது நாமினி யார் என்று கேட்பேன். ஆண்கள் யோசிக்காமல் மனைவி பெயர் சொல்வார்கள். பெண்கள் ஒரு நிமிஷம் நிறுத்தி, மகள் பெயர் சொல்வார்கள். மகளுக்கு 18 ஆகவில்லை என்றால் தங்கச்சி பெயர் போடலாமா என்று கேட்பார்கள். இந்த ஒரு நிமிஷத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.


உசிலம்பட்டி மாமா
ஞாயிறு, காலை 9.05

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் நேர் எதிர். நான் சீட்டு, எல்.ஐ.சி. என்று கட்டுகிறேன். வீட்டில் அவர்கள் போனைத் தட்டினால் மறுநாள் பார்சல் வருகிறது. ஆகவே ஆண் இப்படி, பெண் அப்படி என்று கோடு போட வேண்டாம்.

தம்பி ஏன் மறைத்தார் என்பது எனக்குப் புரிகிறது. நம் பக்கத்தில் தாய்மாமன் சீர் சாதாரண விஷயமா? மேளம் வைத்து, தாம்பாளத் தட்டு எடுத்து, ஊர் பார்க்க நடந்து போக வேண்டும். எத்தனை தட்டு என்று எண்ணுவார்கள். குறைந்தால் அக்காவுக்குத்தான் அந்த வீட்டில் மரியாதை குறையும். அந்தச் செலவை ஊதாரித்தனம் என்று எழுதிவிட முடியாது. அது கூடப்பிறந்தவளுக்குச் செய்யும் கடமை.

மொய் அப்படித்தான். எங்கள் வீட்டு மொய் நோட்டில் என் அப்பா காலத்துக் கணக்கு இருக்கிறது. எனக்கு 2,000 போட்டவருக்கு நான் 2,500 ஆவது திருப்பிப் போட வேண்டும். வட்டி இல்லாத கடன் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள், ஆனால் தவணைத் தேதி நம் கையில் இல்லை. அவர் வீட்டு விசேஷம் எப்போது வருகிறதோ அப்போது கட்ட வேண்டும். ஒரு ஆவணி மாதத்தில் ஒரே வாரத்தில் ஒன்பது பத்திரிகை வந்தது எனக்கு. மஞ்சள் பை நிறையப் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தேன். இப்போது கம்ப்யூட்டரில் எழுதி அங்கேயே ரசீது தந்துவிடுகிறார்கள், குறைத்துப் போட்டால் மைக்கில் கேட்கிறது.

வீட்டுச் செலவை அவர்கள் பார்க்கிறார்கள், சரி. ஊரில் நிற்கும் செலவை யார் பார்ப்பது? அந்தப் பாரத்தை யாரிடமும் சொல்ல முடியாமல்தான் ஆம்பளை வட்டிக்காரனிடம் போகிறான்.


திருநகர் டீச்சர்
ஞாயிறு, காலை 11.30

மாமா, உங்கள் வார்த்தையை மதித்தே கேட்கிறேன். அந்த மொய் நோட்டில் யார் பெயர் இருக்கிறது?

நான் பள்ளியில் வேலை பார்க்கிறேன். 19 வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். என் சித்தி மகள் கல்யாணத்துக்கு என் சம்பளத்திலிருந்து 5,000 மொய் போட்டேன். நோட்டில் என் கணவர் பெயர்தான் எழுதப்பட்டது. எங்கள் வீட்டு விசேஷத்தில் சித்தி திருப்பிச் செய்தபோது அதுவும் அவர் கணக்கில் வந்த வரவாகத்தான் எழுதப்பட்டது. என் கணவர் நல்லவர், அவரை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் என் பெயர் எழுதும் வழக்கமே இல்லை.

ஊரில் நிற்கும் செலவு என்கிறீர்கள். அந்தத் தாம்பாளத் தட்டில் இருக்கும் புடவையை விளக்குத்தூணில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்தது யார்? பலகாரம் சுட்டது யார்? அரசாங்கம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்கள் 97 நிமிஷம். அந்த 299 நிமிஷத்துக்குக் கூலி இல்லை. அதனால்தான் வீட்டுச் செலவில் மிஞ்சும் ஐம்பது ரூபாயைப் பெண்கள் கூலி மாதிரி எடுத்து வைக்கிறார்கள். அதைத் திருட்டு மாதிரி ஒளிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பத்து ரூபாய்க்கு மல்லிகைப் பூ வாங்கினால் கூட ஒரு பெண் கணக்குச் சொல்வாள். ஒன்றரை லட்சத்துக்கு அச்சகத் தம்பி கணக்குச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பெண் செலவாளியா ஆண் செலவாளியா என்று பேசுவதை விட்டுவிட்டு, வீட்டில் யாரிடம் கணக்குக் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதில்லை என்று பாருங்கள். தம்பி மனைவி கேட்ட கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. இரண்டும் ஒன்று இல்லை. கடனை மறைத்தால் அவளும் பிள்ளையும் சேர்ந்து கட்ட வேண்டியிருக்கும், தெரியாமலேயே. சேமிப்பை மறைத்ததால் உங்கள் தலையில் ஒரு ரூபாய் ஏறவில்லை.


உசிலம்பட்டி மாமா
ஞாயிறு, மதியம் 1.10

டீச்சர், நோட்டில் பெயர் விஷயம் நான் யோசித்ததே இல்லை. உள்ளே போய்ப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் ஆம்பளைப் பெயர்தான். புருஷன் இல்லாதவர்கள் பெயர் மட்டும் பெண் பெயராக இருக்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீர் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.


மாட்டுத்தாவணி மல்லி
ஞாயிறு, மாலை 4.45

ஆண்கள்தான் வட்டிக்கு வாங்குகிறார்கள் என்பது போலப் போகிறது பேச்சு. என் அம்மா பூ வியாபாரம். விடிகாலை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ எடுத்து, கட்டி, சாயங்காலம் கோயில் பக்கம் விற்பார். என் பள்ளிக்கூடக் காலம் முழுக்க எங்கள் வீட்டில் தண்டல் இருந்தது.

தண்டல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம்தானே போகிறது என்று தோன்றும். நான் பி.காம். படித்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே இருப்பதால் சராசரியாக நம் கையில் இருக்கும் பணம் 4,500 தான். 4,500க்கு நூறு நாளில் 1,000 வட்டி என்றால் வருஷத்துக்கு 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. அம்மாவிடம் சொன்னேன். "தெரியும்டி, காலையில பூ எடுக்க யாரு குடுப்பா?" என்றார்.

மார்கழி, தை மாதங்களில் மல்லி வரத்து குறைந்துவிடும். கிலோ சில நூறுக்கு எடுத்த பூ இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஏறும். அப்போது கைமுதல் அதிகம் வேண்டும், ஆனால் வாங்குகிறவர்கள் கை சுருங்கும். அம்மாவின் கவலை எல்லாம் நாளைக் காலை நாலு மணியைப் பற்றித்தான். அப்பாவின் கவலை வேறு. எனக்கு எப்படிக் கல்யாணம் செய்வது, எப்போது சொந்த வீடு. அவர் பத்து வருஷம் தள்ளி இருப்பதை நினைத்து ராத்திரி குடிப்பார். அம்மா மறுநாள் காலைக்காகத் தூங்கிவிடுவார். இரண்டு பேரும் பணத்துக்குத்தான் கவலைப்பட்டார்கள். ஆனால் சேர்ந்து உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.


நகை மதிப்பீடு
ஞாயிறு, இரவு 8.20

கடன் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்து நகையை உரசிப் பார்ப்பது என் வேலை. எங்கே என்று சொல்ல மாட்டேன்.

சித்திரைத் திருவிழாவுக்கும் முகூர்த்தத்துக்கும் முன்னால் நகையை மீட்பார்கள். விசேஷம் முடிந்ததும் அதே நகை திரும்ப வரும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது தனிக் கூட்டம். அதில் பெண்கள்தான் அதிகம். தன் கம்மலையோ மோதிரத்தையோ கொண்டுவருவார்கள். ஃபீஸ் எவ்வளவோ அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்க மாட்டார்கள். "இதுக்கு இன்னும் கூடக் கிடைக்கும்மா" என்றாலும், வேண்டாம் சார், மீட்க முடியாது என்பார்கள்.

ஆண்கள் வந்தால் பெரும்பாலும் மனைவியின் செயின். எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவும் வேண்டும். கடன் எடுத்தது ஒரு காரணத்துக்கு, கூடக் கிடைத்ததை வேறு எதற்கோ திருப்பிவிடுவார்கள். வருஷம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைத்துவிடுவார்கள். பவுன் 90,000ஐத் தாண்டிய பிறகு இது அதிகமாகிவிட்டது. நகை அதேதான், விலை ஏறியதால் கூடுதல் பணம் கிடைக்கிறது, கடன் பெருத்துக்கொண்டே போகிறது. வீட்டுக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் நகை லாக்கரில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பெண்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் நகையை அடகு வைக்க வேண்டி வந்தால் உங்கள் பெயரிலேயே வையுங்கள். அவர் பெயரில் வைத்தால் ரசீது அவருடையது, மீட்பதும் அவர்தான் மீட்க முடியும். கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகை முழுக்க அவளுக்கே சொந்தம், கணவனுக்கு அதில் பாத்தியதை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லியிருக்கிறது, 2024லும் திரும்பச் சொன்னது. ஆனால் கவுண்டரில் யார் பெயரில் சீட்டு எழுதினோமோ அவரிடம்தான் நாங்கள் பேச முடியும்.

அச்சகத் தம்பி, அந்த அரைப் பவுன் காசை இப்போதைக்குத் தொடாதீர்கள்.


அழகர்கோயில் ரோடு
திங்கள், காலை 7.15

நான் களஞ்சியம் என்ற மகளிர் சுயஉதவிக் குழுவில் 14 வருஷம் கணக்கு எழுதியவள். 1990இல் நம் மதுரைப் பக்கத்தில் ஆரம்பித்த இயக்கம் அது. புல்லுசேரி சின்னப்பிள்ளை அம்மாவை எல்லோருக்கும் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. டெல்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து காலைத் தொட்டார். அப்புறம் 2019இல் பத்மஸ்ரீ. அந்த அம்மா காலால் நடந்து போய்க் கூட்டிய குழுக்களில் ஒன்றுதான் எங்களுடையது.

குழுவில் நாங்கள் செய்வது சின்ன விஷயம். கடன் கேட்கிறவள் எல்லோர் முன்னாலும் எழுந்து, எவ்வளவு, எதற்கு என்று சொல்ல வேண்டும். ஒருத்தி மாட்டுக்கு என்பாள், இன்னொருத்தி மருந்துக்கு என்பாள். "புருஷனுக்கு" என்று சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள், அவருக்கு எதற்கு? அந்தக் கேள்விக்குப் பயந்தே பல பேர் கடனைக் குறைத்துக்கொண்டார்கள். திரும்பக் கட்ட முடியாமல் போனாலும் முதலில் குழுவுக்குத் தெரிந்துவிடும். கூட்டத்தில் அழுதுவிட்டால் பாரம் பாதி குறையும்.

ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது தெருவுக்குத் தெரு வரும் மைக்ரோ பைனான்ஸ் குழு லோன் வேறு. அதில் பெயர் பெண்ணுடையது, போட்டோ பெண்ணுடையது, பணம் பல வீடுகளில் ஆண் கைக்குப் போகிறது. வாரத் தவணைக்கு வாசலில் நிற்கிறவனுக்குப் பதில் சொல்வது அவள். எல்லாத் தவணையும் சேர்த்துக் குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. ஒரே வீட்டில் நாலு கம்பெனி லோன் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஆண்களுக்கு இடம் கிடையாது. இந்த இழையைப் படித்தபோது, ஆண்களுக்கு இப்படி எழுந்து நின்று சொல்ல ஒரு இடம் இல்லையே என்று முதல் தடவையாகத் தோன்றியது.


சிம்மக்கல் அச்சகம்
திங்கள், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். டீச்சர் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் போனை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது நான் ஒன்று எழுதலாமா என்று கேட்டாள். கீழே இருப்பது அவள் எழுதியது.

வணக்கம். நான் அவர் மனைவி. எல்லோரும் என்னைப் புத்திசாலி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் அம்மா என் கையில் 20,000 கொடுத்தார்கள். இவரிடம் சொன்னேன். பத்து நாளில் மெஷின் ரோலருக்குப் போய்விட்டது. அது அவசியமான செலவுதான், நானே எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அதற்கு அப்புறம் அப்படி ஒரு பணம் இருந்ததாகவே யாரும் பேசவில்லை. அம்மா இறந்த பிறகு அந்த 20,000 ஞாபகம் வந்து அழுதேன். அதிலிருந்து சொல்வதை நிறுத்திவிட்டேன். ஏமாற்ற நினைக்கவில்லை. சொன்னால் அது வீட்டுப் பணம் ஆகிவிடுகிறது, சொல்லாவிட்டால் இருக்கிறது.

மூன்று வருஷமாக இவர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். சர்க்கரையாக இருக்குமோ, நெஞ்சு வலியோ என்று பயந்து டெஸ்ட் எடுக்கலாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை என்பார். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நானும் மகளும் என்ன செய்வோம் என்றுதான் ஆர்.டி. போட ஆரம்பித்தேன். வட்டிக்காரர் வந்து உட்கார்ந்த அன்று எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால், நோய் இல்லை, கடன்தான் என்ற நிம்மதி வந்தது. அதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.


ஆர்.டி. அக்கா
செவ்வாய், காலை 6.30

அம்மா, படித்துவிட்டு இன்னும் பையைத் தூக்கவில்லை நான்.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன், முடிவு நீங்கள் எடுங்கள். 24 தவணை கட்டியிருக்கிறீர்கள், 60,000. 6.7 சதவீத வட்டியோடு இப்போது ஏறத்தாழ 64,000 இருக்கும். மூன்று வருஷம் முடியாமல் கணக்கை முடிக்க விட மாட்டார்கள், அதற்கு அப்புறம் முடித்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் கிடைக்கும். ஆகவே முடிக்க நினைக்காதீர்கள். ஆனால் 12 தவணை கடந்துவிட்டதால் இருப்பில் பாதி வரை கடன் எடுக்கலாம். அதற்கு வட்டி ஆர்.டி. வட்டியோடு 2 சேர்த்து, 8.7. பாதி என்றால் 32,000. மாதத்துக்கு 230 ரூபாய் சுற்றி வட்டி. அதே 32,000ஐ அந்த 3 ரூபாய்க் கடனில் அசலில் கட்டினால் மாதம் 960 வட்டி குறையும். ஆர்.டி. அப்படியே ஓடும், பெயரும் உங்களுடையதாகவே இருக்கும்.

தம்பி, உங்களுக்கு ஒன்று. 50 வயதுக்குள் இருப்பதால் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேரலாம். வங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 436 ரூபாய் பிடிப்பார்கள், உயிருக்கு 2 லட்சம். நாமினி மனைவி. உங்கள் வீட்டம்மாவின் பயத்துக்கு முழுப் பதில் இல்லை அது. ஆனாலும் இந்த வாரமே செய்யுங்கள்.


திருநகர் டீச்சர்
செவ்வாய், காலை 8.50

அக்கா, கணக்கு சரி. ஆனால் மறுபடியும் ரோலர் கதைதான் இது. அவள் சேர்த்தது அவர் கடனுக்குப் போகிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சீர் கடனை அவர் அச்சக வருமானத்தை வைத்து அடைக்கட்டும்.


ஆர்.டி. அக்கா
செவ்வாய், மதியம் 2.05

டீச்சரம்மா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் 36 சதவீத வட்டி தினமும் அந்த வீட்டுச் சோற்றிலிருந்துதான் போகிறது. அவள் தட்டும் அதில் இருக்கிறது. அவள் கொடுப்பதானால் கடனாகக் கொடுக்கட்டும், எழுதி வைத்துக்கொண்டு.


வக்கீல் குமாஸ்தா, மேலூர்
செவ்வாய், இரவு 7.40

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பணம் கட்டப் போகும்போது புரோநோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதி வாங்குங்கள், தனியாக ரசீதும் வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்து பின்னால் அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெற்றுச் செக் கொடுத்திருந்தால் அதன் எண்ணைக் குறித்து வையுங்கள். மனைவி எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அந்தக் கடனுக்கு அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பு இல்லை. இனிமேலும் போட வேண்டாம்.


சிம்மக்கல் அச்சகம்
அடுத்த வாரம் புதன், இரவு 10.10

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தபால் ஆபீஸுக்கு இரண்டு பேரும் போனோம். கடனுக்கு அவள்தான் கையெழுத்துப் போட்டாள். 32,000. வட்டிக்காரர் வீட்டுக்கும் சேர்ந்தே போனோம். அசலில் கட்டுகிறோம் என்றதும் அவருக்குப் பிடிக்கவில்லை. வட்டியை ஒழுங்காகக் கட்டினால் போதுமே என்றார். குமாஸ்தா ஐயா சொன்னபடி புரோநோட்டில் வரவு எழுதி வாங்கினோம். மீதி 1,18,000. மாத வட்டி 4,500இலிருந்து 3,540 ஆனது.

டீச்சர், உங்கள் பேச்சை அவள் மறக்கவில்லை. கடையில் மிஞ்சிய பில் புக் ஒன்றை எடுத்து வந்து, முதல் பக்கத்தில் என் பெயர் எழுதி, 32,000 என்று பற்று எழுதினாள். அடுத்த வரியில் தீபாவளி வட்டி 9,000. அதற்குக் கீழே, அம்மா கொடுத்தது 20,000. அந்த வரியைப் பார்த்துவிட்டு நான் ஒன்றும் பேசவில்லை. மூன்றுக்கும் நேரே கையெழுத்துப் போட்டேன். பங்குனி முகூர்த்த வரவில் முதலில் கட்டுவது ஆர்.டி. கடன் என்று பேசிக்கொண்டோம். காப்பீட்டுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு இன்னும் முழிப்பு வருகிறது. நேற்று அவளும் எழுந்துவிட்டாள். பேப்பர் கடை பாக்கியை எப்படி மூன்று தவணையாகப் பிரிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

உசிலம்பட்டி மாமா, உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். அக்காவின் சின்ன மகளுக்குத் தையில் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை ஐந்து தட்டும் அரை கிராம் தோடும்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் அக்காவிடமும் மச்சானிடமும் சொல்லலாம் என்று இருக்கிறோம். இதை யார் பேச்செடுப்பது? நானா, அவளா?


உசிலம்பட்டி மாமா
அடுத்த வாரம் புதன், இரவு 10.35

நீயே பேசு தம்பி. அவள் பேசினால் பழி அவள் மேல் வரும். மச்சானிடம் வேண்டாம், முதலில் அக்காவிடம் தனியாகச் சொல். கடன் எவ்வளவு என்று தொகையையும் சொல்லிவிடு.